போல்க்கேயும் போமேயும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரின் ஜெர்மன் போர்விமானி ஓஸ்வால்ட் போல்க்கே பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 40 விமானங்களை வீழ்த்தியவர். 25 வயதில், சொந்த அணிக்காரனின் விமானம் மோதி இறந்திருக்கிறார். அந்த முட்டாள் குறுக்கே வராமலிருந்தால், 80 விமானங்களை வீழ்த்திய ரிக்தோஃபனை இவர் மிஞ்சியிருப்பார் இல்லையா? இருவரில் யார் பெரியவர்?

க.

அன்புள்ள க.,

யார் பெரியவர் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வீழ்ந்த ஒவ்வொரு விமானத்திலும் இருபது வயதுப் பையன்கள் இருந்தார்கள். கிரிக்கெட் ரன் கணக்கைப் போல அதை எண்ணாதீர்கள். ரிக்தோஃபனைக் கிழக்குப் போர்முனையிலிருந்து தேர்ந்தெடுத்துத் தன் அணிக்கு அழைத்துவந்தவரே போல்க்கேதான். உங்கள் ஒப்பீட்டுக்கு இது போதும்.

ஆனால் முட்டாள் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் முட்டாள் என்ற அந்த அணிக்காரர் எர்வின் போமேயைப் பற்றிச் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு உடனே பதில் எழுதுவதும் அதனால்தான்.

போமே பொறியாளர். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். 37 வயதில், தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய போல்க்கேயிடம் மாணவராகச் சேர்ந்தார். ரிக்தோஃபனோடு சேர்த்து இவரையும் தேர்ந்தெடுத்தது போல்க்கேதான். வானில் கற்றதையெல்லாம் விதிகளாக எழுதி இளையவர்களுக்குக் கொடுத்தவர் அவர். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், நெருங்கிய பிறகு மட்டும் சுடு, பலர் சேர்ந்து ஒரே எதிரியை விரட்டாதே. 1916 அக்டோபர் 28 அன்று குருவும் மாணவரும் அந்தக் கடைசி விதியைத்தான் மீறினார்கள். இருவரும் ஒரே பிரிட்டிஷ் விமானத்தை விரட்டினார்கள். இறக்கைகள் மறைத்ததில் ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை. போமேயின் சக்கரம் போல்க்கேயின் மேல் இறக்கையில் உரசியது. பழி சொல்லியே தீரவேண்டும் என்றால் விதியை எழுதியவருக்கும் அதில் பங்கு உண்டு. அவசரமாகக் கிளம்பியதில் அவர் இருக்கைப் பட்டையைச் சரியாக மாட்டவில்லை, தலைக்கவசமும் அணியவில்லை. விமானம் தரையில் மோதியது அவ்வளவு கடுமையாக இல்லை, பட்டை மாட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்கிறார்கள். இதையெல்லாம் உங்கள் காணொளி சொன்னதா?

என் பெரியப்பா லாரி ஓட்டியவர். ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கூடவே வளர்ந்த நண்பர், வண்டியின் கிளீனர், சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். வழக்கில் பெரியப்பாமேல் தவறில்லை என்று தீர்ப்பானது. ஊரில் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எவனாவது "அன்னைக்கு நீங்க கண்ணாடியைப் பார்க்கலையா?" என்று கேட்பான். பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். கேட்டவன் கெட்டவன் அல்ல, உங்களைப் போல விஷயம் தெரிந்துகொள்ள விரும்பியவன். அதன்பின் ஓய்வு பெறும்வரை, கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்து பார்க்காமல் அவர் பின்னால் எடுத்ததே கிடையாது. செத்தவர் குடும்பத்துக்குத் தீபாவளித் துணி அவர் கையால்தான் போனது. விபத்து என்று நமக்கு ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறது, தம்பி. அதைச் செய்த கைக்கு முடிவதில்லை.

போமேக்கும் முடியவில்லை. ஈடுசெய்ய முடியாத அவர் ஏன் போகவேண்டும், நான் ஏன் போகவில்லை என்று தன் காதலிக்கு எழுதினார். ஆனாலும் பறப்பதை விடவில்லை. 1917 ஆகஸ்டில் அதே அணிக்குத் தலைவரானார். அப்போது அந்த அணிக்குப் போல்க்கேயின் பெயரையே வைத்திருந்தார்கள். தன் கை பட்டு இறந்தவரின் பெயரை ஒவ்வொரு உத்தரவிலும் எழுதி, அவர் கற்றுத்தந்ததைப் புதிய பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வாழ்ந்திருக்கிறார். நவம்பர் 29 அன்று அவரையும் சுட்டு வீழ்த்தினார்கள். அவர் கணக்கில் 24 விமானங்கள். அதையும் எடுத்துக்கொண்டு ஒப்பிடக் கிளம்பிவிடாதீர்கள்.

இரக்கமில்லாத ஆள் அல்ல நீங்கள். 25 வயதில் போனவருக்காக வருந்தித்தானே எனக்கு எழுதினீர்கள். போமேயின் கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. தேடிப் படியுங்கள், படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.