வேட்பாளரின் வயதும் உடல்நிலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முதியோர் நல மருத்துவம்தான் என் வேலை. 2024 ஜூன் 27 அன்று ஜோ பைடன் விவாத மேடையில் தடுமாறியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் வயதும் உடல்நிலையும் பற்றியவை நிறைய. சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விவாதத்தைப் பார்த்தவுடனே பைடனுக்கு டிமென்ஷியா (மறதிநோய்) என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முடிவுகட்டிவிட்டார்கள். நீங்கள் டாக்டர், வீடியோவைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்திருக்குமே?

தெரியாது. தெரியும் என்று எந்த டாக்டராவது டிவியில் உட்கார்ந்து சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஒருவர் மேடையில் வார்த்தை கிடைக்காமல் நிற்கிறார் என்றால் எனக்குத் தோன்றும் காரணங்கள் பத்துக்கு மேல் இருக்கும்: தூக்கமின்மை, காய்ச்சல், நீண்ட விமானப் பயணம், அலர்ஜிக்கோ தூக்கத்துக்கோ சாப்பிட்ட மாத்திரை, காது சரியாகக் கேட்காதது, சின்ன வயதிலிருந்தே இருக்கும் திக்குவாய் (பைடனுக்கு அது இருந்தது), அப்புறம் மூளையில் உண்மையாகவே தொடங்கியிருக்கும் ஒரு நோய். இதில் எது என்று சொல்ல ஆளை எதிரில் உட்காரவைத்துப் பேச வேண்டும், கூட இருப்பவர்களிடம் ஒரு வருடத்துக்கு முன் எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும், ரத்தப் பரிசோதனை, சில சமயம் ஸ்கேன், ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை. முப்பது விநாடி வீடியோவில் இதெல்லாம் கிடையாது. அதுவும் ஒன்றரை மணி நேர விவாதத்திலிருந்து மோசமான இடத்தை மட்டும் வெட்டி எடுத்தது.

இந்தத் தவறை டாக்டர்களே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். 1964-இல் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் தேர்தலில் நின்றபோது ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. பதில் எழுதியவர்களில் 1,189 பேர் அவரை நேரில் பார்க்காமலேயே அதிபராகத் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். நேரில் பரிசோதிக்காத, அனுமதி தராத ஒரு பொதுமனிதரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதி கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். அதை இன்றும் கோல்ட்வாட்டர் விதி என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்காக நீங்கள் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அன்று மேடையில் அவரால் ஒரு வாதத்தை முடித்துக் காட்ட முடியவில்லை, அது எல்லோர் கண்ணிலும் பட்டது. நோயின் பெயரைச் சொல்லத்தான் டாக்டர் வேண்டும். இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்பதற்கு வாக்காளராக இருந்தால் போதும்.

டிரம்ப் 30-க்கு 30 வாங்கினார் என்றார்களே, அப்படியென்றால் மூளை நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

2018 ஜனவரியில் அவருக்குச் செய்தது மொக்கா என்ற பரிசோதனை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடிகாரம் வரையச் சொல்வார்கள், படத்தில் இருக்கும் மிருகங்களின் பெயர் கேட்பார்கள், ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். 26-ம் அதற்கு மேலும் வந்தால் பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். இது ஒரு சல்லடை, அவ்வளவுதான். மேலும் பரிசோதிக்க வேண்டியவர் யார் என்று பிரித்தெடுக்க உதவும். முழு மதிப்பெண் வாங்கினால் அன்றைக்கு வெளிப்படையான குறைபாடு எதுவும் தென்படவில்லை என்று சொல்லலாம். புத்திசாலித்தனம், நிதானம், முடிவெடுக்கும் பக்குவம் இதையெல்லாம் அது அளப்பதே இல்லை. நன்றாகப் படித்தவர்களுக்கு நோய் தொடங்கிய பிறகும் மதிப்பெண் குறையாமல் இருப்பதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எதுவுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். 2024 பிப்ரவரியில் பைடனின் மருத்துவர் அவர் பணிக்குத் தகுதியானவர் என்று அறிக்கை கொடுத்தார். அந்தப் பரிசோதனையில் ஞாபகசக்திக்கான சோதனை எதுவும் செய்யவில்லை, தேவைப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். 81 வயதுக்காரர் இன்னொரு நான்கு வருடம் கேட்கும்போது அதைத் தவிர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. என் கிளினிக்குக்கு முழங்கால் வலி என்று வரும் 80 வயதுக்காரருக்குக்கூட நான் அதைச் செய்துவிடுகிறேன்.

75 வயதுக்கு மேல் போட்டியிடவே கூடாது என்று சட்டம் போட்டால் என்ன? விமானிக்கு ஓய்வு வயது இருக்கிறதே!

இருக்கிறது, பயணிகள் விமானம் ஓட்ட 65. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களுக்கு 80 ஆனால் வாக்கு கிடையாது, 1970-இல் வந்த விதி. கனடாவில் செனட்டர்கள் 75-இல் போயே ஆக வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டம் அதிபருக்குக் குறைந்தது 35 வயது என்று மட்டும்தான் சொல்கிறது, மேல் வரம்பு இல்லை. கொண்டுவர வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். சுலபத்தில் நடக்காது.

நடந்தாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வயது கூடக்கூட மனிதர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை, அதுதான் என் துறையின் முதல் பாடம். இருபது வயதுக்காரர்கள் நூறு பேரை நிறுத்தினால் உடம்பளவில் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள். எண்பது வயதுக்காரர்கள் நூறு பேரில் ஒருவர் மலை ஏறுவார், இன்னொருவருக்குப் பிள்ளையின் பெயர் ஞாபகம் இருக்காது. அடினாவர் 73 வயதில் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சராகி 87 வயது வரை அந்த நாட்டைக் கட்டி எழுப்பினார். 1996-இல் பாப் டோல் 73 வயதில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது இவ்வளவு கிழவரா என்றார்கள், அவர் அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் இருந்து 98 வயதில்தான் இறந்தார்.

சரி, புள்ளிவிவரம் பொய்யா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 78 வயதுள்ள சராசரி ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடுத்த நான்கு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். டிமென்ஷியா வாய்ப்பு 65-க்குப் பிறகு ஒவ்வோர் ஐந்து வருடத்துக்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. வசதியும் நல்ல மருத்துவமும் உள்ள ஒரு வேட்பாளருக்கு நிலைமை சராசரியைவிட நன்றாகவே இருக்கும், ஆனாலும் துணை அதிபராக யாரை நிறுத்துகிறார் என்று வாக்காளர் கூர்ந்து பார்க்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

உடல்நிலையை மறைப்பது இப்போது வந்த பழக்கமா, முன்பும் இருந்ததா?

முன்பு இன்னும் மோசம். மறைத்தவர்களில் பெரும்பாலானோர் கிழவர்கள்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள், அதனால்தான் வயதைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குப் போதவில்லை.

அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு 1919 அக்டோபர் 2 அன்று கடும் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. வயது 62. அவர் மனைவி ஈடித்தும் மருத்துவர் கிரேசனும் யாரையும் பக்கத்தில் விடாமல், எந்தக் கோப்பு அவரிடம் போக வேண்டும், எது போகக் கூடாது என்பதைக்கூட மனைவியே முடிவுசெய்து, 1921 மார்ச்சில் பதவிக்காலம் முடியும் வரை அப்படியே ஓட்டினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் சமாதான ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் தோற்றது அந்தச் சமயத்தில்தான்.

அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை எனக்கு இன்னும் வேதனை தருவது. 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108, இதயம் வீங்கி, செயலிழக்கத் தொடங்கியிருந்தது. வெள்ளை மாளிகையின் மருத்துவர் மெக்கின்டயரோ வயதுக்கு ஏற்ற ஆரோக்கியத்துடன் இருக்கிறார் என்றே பத்திரிகைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பரில் மக்கள் நான்காவது முறையாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு, இறந்துவிட்டார், வயது 63. அணுகுண்டு தயாராகிக்கொண்டிருப்பதைப் பற்றித் துணை அதிபர் ட்ரூமனுக்கு அதுவரை முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை. கென்னடி தனக்கு அடிசன் நோய் (அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாத நோய்) இருப்பதை மறைத்துத் தேர்தலில் ஜெயித்தபோது வயது 43.

பிரான்சில் மித்தராண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் மருத்துவ அறிக்கையை வெளியிடுவதாக வாக்குறுதி கொடுத்தே அதிபர் பதவிக்கு வந்தார். 1981 நவம்பரில், வந்த சில மாதங்களிலேயே, எலும்புவரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறிக்கைகள் தவறாமல் வந்தன, அவற்றில் உண்மை இல்லை. 1992-இல் அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் மக்களுக்குப் புற்றுநோய் என்றே தெரியும். இத்தனைக்கும் அவர் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் போனார். நோய் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவ அறிக்கை என்றாலே பொய் என்று அந்த நாட்டு மக்கள் நினைக்கும்படி ஆகிவிட்டது, அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது?

இதற்கு நேர்மாறாக ஒரு உதாரணம், ஐசனோவர். 1955 செப்டம்பரில் டென்வரில் மாரடைப்பு வந்தது. பிரபல இதய மருத்துவர் பால் டட்லி வைட் நிருபர்களை உட்காரவைத்து மாரடைப்பு என்றால் என்ன, அதிபர் எப்படித் தேறிவருகிறார் என்று வகுப்பு எடுப்பதுபோல் விளக்கினார், மலம் கழித்தது உட்பட. அடுத்த வருடம் ஐசனோவர் முன்பைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார். உண்மையைச் சொன்னால் தோற்றுவிடுவோம் என்று பயப்படும் ஒவ்வொரு வேட்பாளரின் ஆலோசகருக்கும் இதை நான் அனுப்பிவைக்க ஆசைப்படுகிறேன்.

புற்றுநோய் வந்து குணமானவர் போட்டியிடலாமா?

தாராளமாக. எந்த வகை, எந்த நிலை, சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம், திரும்பிவர எவ்வளவு வாய்ப்பு என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போட்டியிட வேண்டும். ஜான் மெக்கெய்ன் 2008-இல் 71 வயதில் நின்றபோது, அவருக்கு ஏற்கெனவே மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்திருந்ததால், 1,173 பக்க மருத்துவ ஆவணங்களை நிருபர்களிடம் காட்டினார், படித்துப் பார்க்க மூன்று மணி நேரம்தான் கொடுத்தார் என்றாலும். அவர் இறந்தது 2018-இல், அதுவும் மூளையில் வந்த வேறொரு புற்றுநோயால். இரண்டு முறை அதிபராக இருந்திருந்தாலும் முடித்திருப்பார். 1992-இல் போட்டியிட்ட பால் சாங்கஸுக்கு ஐம்பது வயதுதான். ரத்தப் புற்றுநோய் வகை ஒன்றிலிருந்து முழுதாகக் குணமாகிவிட்டார் என்று சொன்னார்கள், இடையில் ஒருமுறை அது திரும்பி வந்ததைச் சொல்லவில்லை. அன்று ஜெயித்திருந்தால் அவருடைய முதல் பதவிக்காலம் 1997 ஜனவரி 20 அன்று முடிந்திருக்கும். அவர் இறந்தது ஜனவரி 18.

ஒருவரின் மருத்துவ ரகசியத்தை ஊர் முழுக்கச் சொல்வது நியாயமா?

எல்லாவற்றையும் சொல்லக் கேட்பது நியாயமில்லை. மூலநோய், பழைய கருச்சிதைவு, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இதெல்லாம் நமக்குத் தேவையே இல்லை. 1972-இல் துணை அதிபர் வேட்பாளர் ஈகிள்டன் மனச்சோர்வுக்கு மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்தது வெளியே வந்ததும், வேட்பாளரான பதினெட்டே நாளில் அவரை விலகவைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பல வருடம் செனட்டராக நன்றாகவே பணியாற்றினார். நோய் என்றால் உடனே நீக்கு என்ற மனநிலை இருக்கும்வரை மறைப்பதும் இருக்கும். 2022-இல் செனட் வேட்பாளர் ஜான் ஃபெட்டர்மன் 52 வயதில் பக்கவாதம் வந்த பிறகு, காதில் விழும் பேச்சைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருந்ததால், எதிரே எழுத்தாக ஓடும் திரையை வைத்துக்கொண்டு விவாதத்தில் பேசினார். மக்கள் பார்த்தார்கள், அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அமெரிக்காவில் வேட்பாளர் தன் மருத்துவ விவரத்தை வெளியிட வேண்டும் என்று சட்டமே இல்லை. என்னைக் கேட்டால், வேட்பாளரிடம் சம்பளம் வாங்காத இரண்டு மூன்று மருத்துவர்கள் பார்க்க வேண்டும். இதயம், பக்கவாத அபாயம், பார்வை, செவி, ஞாபகசக்தியும் முடிவெடுக்கும் திறனும், சாப்பிடும் மாத்திரைகள் என வேலையைப் பாதிக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும், 40 வயது வேட்பாளருக்கும் அதே படிவம்தான். பதவியில் இருக்கும்போது வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

பதவிக்கு வந்த பிறகு முடியாமல் போனால்?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1967-இல் வந்த 25-ஆவது திருத்தம் இருக்கிறது. அதிபர் அதிகாரத்தைத் தானாக ஒப்படைக்கலாம், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் குடல் பரிசோதனைக்காகச் சில மணி நேரம் துணை அதிபரிடம் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவரால் பணியைச் செய்ய முடியவில்லை என்று துணை அதிபரும் பெரும்பான்மை அமைச்சர்களும் எழுதிக் கொடுக்கலாம். இந்த இரண்டாவது வழியை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. அவரால் நியமிக்கப்பட்டவர்கள் அவரை எதிர்த்துக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

என் அப்பாவுக்கு 79. இந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு, பெயர் மறந்தாலே "எனக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது" என்று பயப்படுகிறார். என்ன சொல்வது?

இந்தக் கடிதத்தைத்தான் நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். கிழவன், உளறுகிறான், தூக்கி வீட்டில் உட்காரவை என்று டிவியில் யாரையோ சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் நம் அப்பாவும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். விமர்சனம் செய்பவர்கள் யாருக்கும் இது நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

அவரிடம் சொல்லுங்கள்: பெயர் சட்டென்று வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பதில் சொல்ல முன்பைவிடக் கூடுதல் நேரம் எடுப்பது, இவை வயதோடு வருபவை. சொல்வளமும் அனுபவ அறிவும் எண்பதிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. தெரிந்த வழியில் தொலைந்துபோவது, பணம் எண்ணிக் கொடுப்பதில் புதிதாகக் குழப்பம், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி கேட்டுவிட்டுக் கேட்டதே தெரியாமல் இருப்பது, குணம் மாறுவது. இதில் ஏதாவது சில மாதங்களாகத் தொடர்ந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது கேளாமை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழம்பினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அது தொற்றாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.