ஜெல்லிஃபின் நூலகத்தில் புதுப்பித்த பிறகும் தவறான போஸ்டரே வருவது ஏன்?

செங்கோட்டை வீட்டில், சேமித்த படங்களை ஒழுங்குபடுத்திக் காட்டும் மென்பொருளான ஜெல்லிஃபினில் தமிழ், மலையாளப் படங்களை ஒன்றாக வைத்திருக்கும் நீங்கள், எத்தனை முறை புதுப்பித்தாலும் மலையாள ‘த்ரிஷ்யம்’ படத்துக்கு இந்திப் போஸ்டரே வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். மலையாள மூலம் 2013-இலும், அதே பெயரிலான இந்தி மறுஆக்கம் 2015-இலும் வெளியானவை. கோப்புறைப் பெயரில் ஆண்டு இல்லாவிட்டால் மென்பொருள் இரண்டில் ஒன்றை ஊகித்துக்கொள்ளும். வெறுமனே புதுப்பித்தால், முன்பு தவறாகப் பொருந்திய படத்தின் அடையாள எண்ணையே அது பெரும்பாலும் மறுபடியும் பின்பற்றும் என்பதால், பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 2013 எனச் சேர்த்து, ‘ஐடென்டிஃபை’ (இது எந்தப் படம் எனக் காட்டிக்கொடுக்கும் வசதி) வழியாகச் சரியான படத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே இருக்கும் போஸ்டர்களை மாற்றும்படி குறியிடுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால் கோப்புறையைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ‘போஸ்டர்.ஜேபிஜி’ என்ற பழைய கோப்பு ஒன்று உள்ளேயே கிடந்தது. அதை நீக்கியதும் சரியாயிற்று. கைப்பேசியில் மட்டும் பழையது தெரிந்தால், செயலியின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தால் போதும்.