ஆறிலிருந்து பத்துக்கு: புல்-அப்ஸ் கேள்வி பதில்

இராணுவ ஆள்சேர்ப்பு முகாம்களுக்குத் தயாராகும் இளைஞர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவரும் முன்னாள் படைவீரர் ஒருவர், 'பீம்' என்று நம் பிள்ளைகள் சொல்லும் புல்-அப்ஸ், அதாவது கம்பியில் தொங்கி மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடலை இழுத்தேற்றும் பயிற்சி, குறித்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 18, எடை 66 கிலோ. கம்பியில் தொங்க முடிகிறது, ஆனால் ஒன்றுகூட இழுக்க முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இறங்குவதிலிருந்து தொடங்குங்கள், தம்பி. ஒரு தசை சுருங்கித் தூக்கக்கூடிய எடையைவிட, நீண்டுகொண்டே தாங்கக்கூடிய எடை அதிகம். ஆகையால் மேலேற முடியாதவராலும் நிதானமாகக் கீழிறங்க முடியும், ஏறுவதற்கான வலுவும் அந்த இறக்கத்திலேயே சேர்ந்துவிடும். முக்காலி ஒன்றின் மீது ஏறி, மோவாய் கம்பிக்கு மேலிருக்குமாறு பிடித்துக்கொண்டு, கால்களை எடுத்துவிட்டு, ஐந்து விநாடி எண்ணியபடி முழங்கை முழுவதும் நீளும்வரை இறங்குங்கள். ஐந்து இறக்கம் ஒரு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சுற்றுகள் போதும்.

அதற்கு முன்னதாக, தொங்கிய நிலையில் முழங்கையை மடக்காமல் தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழ்நோக்கி இழுத்துவிடும் பயிற்சியைப் பத்து முறை செய்யுங்கள். முதுகின் இருபுறமும் விரிந்திருக்கும் பெரிய தசையை வேலைக்கு அழைக்காமல் கைகளால் மட்டுமே இழுக்க முயல்வதால்தான் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். பத்து விநாடி இறக்கம் ஐந்து முறை தடுமாறாமல் வரும் நாளில் கீழிருந்து ஒன்றை இழுத்துப் பாருங்கள். என்னிடம் பயின்றவர்களில் பெரும்பாலோருக்கு முதலாவது புல்-அப் அந்தக் கட்டத்தில்தான் வந்தது.

கேள்வி: ரப்பர் பட்டையைக் கம்பியில் மாட்டிப் பழகலாமா?

பதில்: துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டை அதிகம் நீண்டிருக்கும் அடிநிலையில்தான் அது உங்களை அதிகம் தூக்கிவிடுகிறது, தொடக்கக்காரர்கள் பலருக்கு வலுக்குறைவும் அங்கேதான். அதை மட்டுமே நம்பினால் அந்தக் குறை அப்படியே தங்கிவிடும்.

கேள்வி: நான்கு மாதங்களாக ஆறிலேயே நிற்கிறேன், சார். தினமும் காலையில் கை ஓயும்வரை இழுக்கிறேன். பத்து எப்போது வரும்?

பதில்: கை ஓயும்வரை தினமும் இழுப்பதை நிறுத்தியபின் வரும். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. இதுவரை இராணுவத்தின் பொதுப்பணி (ஜெனரல் டியூட்டி) பிரிவு ஆள்சேர்ப்பு முகாம்களில் பின்பற்றப்பட்ட கணக்கின்படி ஆறு இழுத்தவருக்கு 16 மதிப்பெண், ஏழுக்கு 21, எட்டுக்கு 27, ஒன்பதுக்கு 33, பத்துக்கு 40. ஆறுக்கும் பத்துக்கும் இடையிலுள்ள 24 மதிப்பெண்ணில் தேர்வுப் பட்டியலே மாறிவிடும் என்பதால்தான் பிள்ளைகள் பதறிப்போய்த் தங்களை வருத்திக்கொள்கிறார்கள். ஆனால் களைத்த உடம்பு கற்றுக்கொள்வது காலை உதறி, மோவாயை நீட்டி எப்படியாவது எண்ணிக்கையை முடிக்கும் பழக்கத்தைத்தான், முகாமில் அத்தகைய இழுப்பு கணக்கில் சேராது.

உங்கள் உச்ச எண்ணிக்கையில் பாதி, அதாவது மூன்று மட்டும், சுத்தமாக, நாளொன்றுக்கு ஐந்தாறு வேளை, இடையில் ஒரு மணி நேரமாவது விட்டு இழுங்கள். பாவெல் சட்சூலின் என்ற பயிற்சியாளர் உலகெங்கும் பரப்பிய முறை இது. நாளொன்றுக்குப் பதினைந்து பதினெட்டு நல்ல இழுப்புகள் சேரும், ஒன்றுகூடத் தள்ளாடிச் செய்ததாக இராது. வாரத்தில் ஐந்து நாள் இப்படி மூன்று வாரம் செய்து, இரண்டு நாள் ஓய்வெடுத்து, உச்சத்தைச் சோதியுங்கள்.

எட்டைத் தொட்டபின் வாரம் இருமுறை, முதுகுப் பையில் ஐந்து கிலோ மணலைக் கட்டிக்கொண்டு நான்கு நான்காக நான்கு சுற்றுகள் இழுங்கள். சுற்றுகளுக்கிடையே மூன்று நிமிட ஓய்வு கட்டாயம் வேண்டும். அந்த நாள்களில் வேளைக் கணக்கு இழுப்புகளை விட்டுவிடுங்கள்.

கேள்வி: முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு தொடரலாமா?

பதில்: கூடாது. தசையைவிடத் தசைநார் மெதுவாகவே வலுப்பெறும், எண்ணிக்கையை அவசரமாக ஏற்றியவர்களுக்கு இந்த வலி வருவது வழக்கம். இரண்டு வாரம் இழுப்பதை நிறுத்தி, வலி குறைந்தபின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடியில் பாதி அளவோடு திரும்பத் தொடங்குங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் நரம்பு அழுத்தப்படுகிறது என்று பொருள், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். பெண்களால் இது இயலுமா?

பதில்: இயலும், அம்மா. பெண்களுக்குச் சராசரியாக மேலுடலில் தசையின் அளவு குறைவு என்பதால் காலம் கூடுதலாகும், வழி அதேதான். இறக்கப் பயிற்சியைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஜிம் இல்லை. முருங்கை மரத்தில் தொங்குகிறேன்.

பதில்: உடனே நிறுத்துங்கள், முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும். ஒரு அங்குல ஜி.ஐ. குழாயை இரண்டு உறுதியான கம்பங்களுக்கிடையே, நீங்கள் தொங்கும்போது கால் தரையில் படாத உயரத்தில் பொருத்துங்கள். கம்பங்களை இரண்டரை அடி ஆழத்தில் காங்கிரீட் இட்டு நிறுத்துங்கள். நண்பர்கள் நான்கு பேர் செலவைப் பகிர்ந்துகொண்டால் பெரிய பாரமாக இராது.

கேள்வி: முகாமுக்கு ஒரு வாரமே உள்ளது. எப்படிப் பழகுவது?

பதில்: இந்த வாரத்தில் புதிய வலு சேராது, சேர்த்த வலுவைக் காப்பதே வேலை. எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, கடைசி இரண்டு நாள் கம்பியைத் தொடாதீர்கள். அதற்கு முன் ஒருநாள் மட்டும் 1.6 கிலோமீட்டர் ஓடி முடித்துச் சற்று நேரத்தில் பீமில் ஏறிப் பாருங்கள். முகாமில் ஓட்டம் முந்தியது, மூச்சு வாங்கும் நிலையில் வியர்த்த உள்ளங்கையோடுதான் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கும். பிடிப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கை முழுவதும் நீண்டபிறகே அடுத்ததை இழுங்கள்.