அந்தப் பாட்டு மட்டும் வேண்டாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரன் அவர்களின் ‘தன்னானே’ பாட்டுக்குழுவைப் பற்றி நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நான் வளர்ந்தது பரமக்குடி பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் அவர் பாடிய கேசட் நாடா தேயத் தேய ஓடியது. ‘ஆக்காட்டி’ பாட்டு வந்தால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நிற்பாள். ‘பாவாடை சட்டை கிழிஞ்சு போச்சுதே’ பாட்டைக் கேட்டால் இன்றைக்கும் அந்த அழகான காலம் கண்முன் வந்துவிடுகிறது.

எங்களைப் போல அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள் வாட்ஸப்பில் ஒரு குழுவாக இருக்கிறோம். அவர் நினைவாக ஓசூரில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். கீபோர்டு, ரிதம் பேடு வைத்து ஒரு இசைக்குழு ஏற்பாடாகியிருக்கிறது. எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள், ‘மனுசங்கடா’ மட்டும் வேண்டாம், சங்கடமாக இருக்கும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

கேட்க வந்தது இதுதான். அந்தப் பழைய கேசட்டின் தெளிவான ஒலிப்பதிவு எங்கே கிடைக்கும்? இணையத்தில் இருப்பதெல்லாம் ஒரே இரைச்சல். அப்புறம், அந்த மாதிரிக் குழுக்கள் ஏன் இப்போது இல்லை?

அன்புடன்,
ச., ஓசூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது குணசேகரனின் தன்வரலாறான ‘வடு’வைத்தான் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். 2005இல் வந்த புத்தகம். பாட்டுக்காரராக மட்டும் அவரை அறிந்தவர்கள் பலர் அதைப் படித்ததில்லை. உங்கள் வாட்ஸப் குழுவில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அம்மா நிலைப்படியில் வந்து நின்றதைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வலையில் சிக்கிக்கொண்ட தாய்ப்பறவை தன் குஞ்சுகளை நினைத்து அழுகிற பாட்டு அது. அடுப்படியை விட்டு வருவதற்கு எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இருந்த ஒரே நியாயமான காரணம், யாரோ தங்களுக்காக அழுகிறார்கள் என்பதுதான். அம்மா இருக்கிறார்களா? இருந்தால் நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஆனால் அடுத்த வரியிலேயே என்னைக் கோபப்படுத்திவிட்டீர்கள். பாவாடை சட்டை கிழிந்துபோன பாட்டைக் கேட்டால் ‘அழகான காலம்’ நினைவுக்கு வருகிறது என்கிறீர்கள். அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? போட்டுக்கொள்ள மாற்றுத்துணி இல்லாத ஒரு பெண்பிள்ளை அம்மாவிடம் முறையிடுகிறாள். அம்மாவிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது அழகான காலமா? அழகாக இருந்தது உங்கள் சின்ன வயது. அப்பாவுக்கு மாதச் சம்பளம், வீட்டில் டேப் ரெக்கார்டர், மழை பெய்தால் ஒழுகாத கூரை. அதை நினைத்து நீங்கள் சந்தோஷப்படுவதில் தப்பே இல்லை. அதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் கிழிந்த பாவாடை மேல் ஏன் போர்த்துகிறீர்கள்? ‘முக்கா மொழம் நெல்லுப் பயிரு’ பாட்டும் அப்படித்தான். முக்கால் முழப் பயிரைக் காப்பாற்ற முப்பது கெஜக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிறவனின் பாட்டு. கல்யாண மண்டபங்களில் அதற்கு ஆடுகிறார்கள். ஆடட்டும், மெட்டு அப்படி. ஆனால் இறைத்து இறைத்துக் கைகாய்த்தவன் ஒருத்தன் அந்த மெட்டுக்குள் இருக்கிறான்.

குணசேகரன் 1955இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தையில் பிறந்தவர். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். அதற்கு முன்பு எல்லாம் இராமநாதபுரம் சீமை. கண்மாய் பெருகினால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. இளையான்குடியில் இஸ்லாமியர்களோடு பழகியபோது தன்மேல் படாத தீட்டு, கிராமத்துக்குள் கால் வைத்தவுடன் தன்மேல் ஒட்டிக்கொண்டதை ‘வடு’வில் எழுதியிருக்கிறார். சத்தம் போடாமல், ஒரு சின்னப் பையன் பார்த்தபடியே எழுதியிருக்கிறார். அந்தப் பையன்தான் பிற்பாடு மதுரைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ச்சி செய்தான், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரானான், சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானான். இத்தனைக்கும் நடுவே ஊர் ஊராய்ப் போய்ப் பாடினான். பாடியது ஊர்ப் பெருமையை அல்ல. உன் ஊரில் என்னை எங்கே நிறுத்தினாய் என்று, நீ தாலாட்டுக் கேட்ட அதே மெட்டில் உன்னையே கேட்டான்.

அதில் நேரடியாகக் கேட்ட பாட்டு ‘மனுசங்கடா’. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரைக்காரர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த நாடு இது. நாங்கள் மனிதர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு இன்குலாப் சொல் கொடுத்தார், குணசேகரன் குரல் கொடுத்தார். இரண்டு பேரும் போனது ஒரே வருஷத்தில். 2016 ஜனவரியில் குணசேகரன், டிசம்பரில் இன்குலாப். மறு வருஷம் இன்குலாபுக்கு அறிவித்த சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பம் வாங்க மறுத்துவிட்டது. எப்பேர்ப்பட்ட வீடு பாருங்கள். அந்தப் பாட்டைத்தான் குடும்பத்தோடு கேட்க முடியாது என்கிறீர்கள். எந்தக் குடும்பத்தோடு? உங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கேட்காத பாட்டா? ஆபாசமாக ஒரு சொல் உண்டா அதில்? நாங்களும் மனிதர்கள் என்று ஒருவர் சொல்வதைக் கேட்க உங்கள் நண்பர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதென்றால், அந்தச் சங்கடத்தை உண்டாக்கத்தானே அந்த மனுஷன் தொண்டை கிழியப் பாடினார்! அதை எடுத்துவிட்டு அவர் நினைவாக நடத்துகிறோம் என்று சொல்லாதீர்கள். வேறு யார் பேரிலாவது நடத்துங்கள்.

சரி, கீபோர்டு. இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஒலிப்பதிவின் இரைச்சலும் பெரிய விஷயமில்லை, கேட்கக் கேட்கப் பழகிவிடும். எனக்கு உறுத்துவது ரிதம் பேடு. பறையடிக்க ஆள் கூப்பிடவில்லையா நீங்கள்?

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துக் கலை இரவுகளுக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள், சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்துக்காரர்கள் நடத்துவார்கள். விடிய விடிய நடக்கும். மேடைக்கு முன்னால் இருந்ததைவிட மேடைக்குப் பின்னால் நான் நின்ற நேரம்தான் அதிகம். அங்கே வைக்கோலும் பனையோலைச் சருகும் போட்டுத் தீ மூட்டியிருப்பார்கள். பறையடிக்கிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பறையின் முகத்தைத் தீக்கு மேலே காட்டித் திருப்பித் திருப்பிப் பிடிப்பார். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் தோல் வெடித்துவிடும். தள்ளிப் பிடித்தால் ஏறாது. நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் மொத்தென்று இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு இடத்தில் கணீரென்று வரும். உடனே எழுந்துவிடுவார். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. மேடைக்குப் போய் ரெண்டு தட்டுத் தட்டினால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையெல்லாம் எழுந்து உட்காரும்.

மார்கழிப் பனியில் ரெண்டு பாட்டு முடிவதற்குள் தோல் தொய்ந்துவிடும். மறுபடி தீக்குப் போக வேண்டும். அதுவரைக்கும் பாடுகிறவர் பேசிக்கொண்டிருப்பார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வந்த அந்தப் பேச்சில்தான் ஊர் நியாயம், கூலி, டீக்கடையின் இரட்டை டம்ளர் எல்லாம் வரும். ஒரு தோல் காய்வதற்கு ஆகும் நேரத்தில் அத்தனையும் பேசிவிடுவார்கள். அப்புறம் பாட்டு. பாடுகிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், மூன்றாவது தடவை கூட்டமே பாடும். கேசட்டில் உங்களுக்குக் கிடைத்தது முதல் ஆளின் குரல். பின்னால் பாடியவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? பறையடித்தவரின் பெயர்? அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கடைகளில் விற்ற கிராமியக் கேசட்டுகளின் அட்டையில் பாடியவர் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வாசித்தவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது. மெட்டைக் கொடுத்த நடவுக்காரப் பெண்கள் பெயர் எந்த அட்டையிலும் கிடையாது. சாவுக்கு அடிக்கிற தோல் என்று ஒதுக்கி வைத்ததை மேடைக்கு நடுவே கொண்டுவந்தது அந்தத் தலைமுறை. அதை எடுத்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டி அதே தாளத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். தாளம் வரும். அடிக்கிற ஆள் மேடைக்கு வர மாட்டார். அந்த ஆள் மேடைக்கு வர வேண்டும் என்பதுதான் அந்த நிகழ்ச்சிகளின் பாதிக் காரணமே.

வைகைக் கரையோரம் ஒரு ஊர். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். குணசேகரனின் பாட்டுகளைப் பாடுகிற உள்ளூர்க் குழு ஒன்று இருந்தது, நாங்கள் சில மாணவர்கள் கூடவே திரிவோம். ராத்திரி அந்த ஊரில் அப்படி ஒரு கூட்டம். பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டு முன்னால் வந்து நின்று, எல்லாப் பாட்டுக்கும் உச்சக் குரலில் பின்பாட்டுப் பாடினார். கண்ணில் தண்ணீர். விடிந்ததும் அவர் கடைக்குத்தான் டீ குடிக்கப் போனோம். பாடியவருக்கும் எங்களுக்கும் கண்ணாடி கிளாஸில் வந்தது. பறையடித்த இரண்டு பேருக்கும் கூரையில் சொருகியிருந்த அலுமினிய டம்ளரை எடுத்துக் கழுவிக்கொள்ளச் சொன்னார். யாருக்கும் பேச்சு வரவில்லை. பாடியவர் கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அந்த இரண்டு பேரில் பெரியவர்தான் எங்களைப் பார்த்து, “எங்களுக்கென்ன தம்பி புதுசா? பாட்டுக் கேட்டவுகதான் சங்கடப்படுறீக” என்றார்.

அந்த டீக்கடைக்காரர் ராத்திரி நடிக்கவில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தவன். ராத்திரி அவரை அந்தப் பாட்டு பிடித்து உலுக்கியது உண்மை. காலையில் கை தானாக அந்த டம்ளருக்குப் போனதும் உண்மை. ஒரு பாட்டுக்கு ஒரு ராத்திரிக்குத்தான் பலம். அதனால்தான் அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள், போன ஊருக்கே திரும்பப் போனார்கள். நீங்களும் உங்கள் நண்பர்களும் அந்த ராத்திரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையை எங்கே விட்டீர்கள்? அந்தக் காலை இன்னும் முடியவில்லை. ஓசூரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறவர்களிடம் என்னென்ன விசாரிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது அந்த மாதிரிக் குழுக்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாமல் என்ன? திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு இருக்கிறது. ஆண்கள் மட்டுமே அடித்த பறையைத் தலித் பெண்கள் கையில் எடுத்து அடிக்கிறார்கள். மணிமாறனின் புத்தர் கலைக்குழு ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக்கொடுக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து ஒலித்தன. நீங்கள் கேட்கவில்லை என்பதால் யாரும் பாடவில்லை என்று ஆகிவிடாது. பழைய கேசட்டைத் தேடுகிற நேரத்தில் பாதியை இவர்களைக் கேட்கச் செலவழியுங்கள்.

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்துங்கள், நன்றாக நடத்துங்கள். உங்களுக்கு அந்தப் பாட்டுகள் மேல் இருக்கிற பிரியம் நிஜம் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன், இல்லாவிட்டால் ரெண்டு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பறையடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரில் போய் அழையுங்கள். கீபோர்டுக்காரருக்கு என்ன பேசியிருக்கிறீர்களோ அதே தொகையை அவர்களுக்கும் பேசுங்கள். மண்டபத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிப் பின்பக்கம் தீ மூட்ட இடம் வாங்கிவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் விட மாட்டார்கள். அழைப்பிதழில் அவர்கள் பெயரைப் போடுங்கள், ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிடாதீர்கள். ‘மனுசங்கடா’வைக் கடைசியில் வைக்க வேண்டாம், பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுவார்கள். ‘ஆக்காட்டி’ முடிந்த கையோடு வையுங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் நானும் வருகிறேன், பின்பாட்டுக்கு ஒரு ஆள் ஆச்சு.

அன்புடன்