கர்ப்பத்தில் தாய்க்குச் சீனி ஏறினால் பிள்ளைக்கும் இனிப்புநீர் வருமா?

கட்டாயம் வரும் என்று இல்லை. வர வாய்ப்பு கூடும். சிங்கப்பூரில் இரண்டு பிள்ளை பெற்றேன், இரண்டு தடவையும் எனக்குக் கர்ப்பகால நீரிழிவு. அதனால் இதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டு பல ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது 26ஆவது வாரத்தில் சோதனை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணியைக் குடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் மறுபடி எடுத்தார்கள். எல்லைகள் முறையே லிட்டருக்கு 5.1, 10.0, 8.5 மில்லிமோல். இதில் ஒன்றைத் தொட்டாலே போதும், நீரிழிவு என்று எழுதிவிடுவார்கள். என் கடைசி எண் 9.2. வீட்டில் சொன்னதும் மாமியார், "தேக்காவுக்குப் போறப்பல்லாம் ஜிலேபி வாங்கினா வேற என்ன வரும்?" என்றார்.

பழி முழுக்க ஜிலேபி மேல் இல்லை. பிள்ளைக்குச் சத்து தட்டாமல் போய்ச்சேர வேண்டும் என்று நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன. எல்லாக் கர்ப்பிணிக்கும் நடப்பதுதான். ஈடுகொடுத்துக் கூடுதலாக இன்சுலின் சுரக்க முடியாத கணையம் இருந்தால் சீனி ஏறும். என் அப்பா, சித்தப்பா, பாட்டி எல்லாருக்கும் இனிப்புநீர். எனக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. கர்ப்பிணிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனிக்க 2009இல் இங்கே தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் சோதித்த தாய்மாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருந்தது.

பிள்ளைக்கு என்ன ஆகிறது? தாயின் சீனி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் போகாது. வந்து குவியும் சீனியைச் சமாளிக்கக் குழந்தையின் குட்டிக் கணையமே இன்சுலினைக் கொட்டும். குழந்தை கொழுப்புப் போடும். 1950களிலேயே டென்மார்க் மருத்துவர் யோர்கன் பீடர்சன் சொன்ன விளக்கம் இது. என் மகள் 3.9 கிலோ. பார்த்தவர்கள் எல்லாரும் "கொழுகொழுன்னு இருக்கா" என்று கன்னத்தைக் கிள்ள, தாதியோ குதிகாலில் குத்திக் குத்திச் சீனி பார்த்தார். தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும், சுரந்த இன்சுலின் மட்டும் மிச்சம் இருக்கும். அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சீனி இறங்கிவிடலாம்.

பிற்காலம்தான் உங்கள் கேள்வி. "எல்லாம் பரம்பரை" என்பவர்களுக்கு அமெரிக்காவின் பீமா பழங்குடியினரைச் சொல்வேன். தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளைகளையும், வந்த பின் அதே வயிற்றில் பிறந்த தம்பி தங்கைகளையும் ஒப்பிட்டு 2000இல் ஓர் ஆய்வு வெளியானது. பின்னால் பிறந்தவர்களுக்கே நீரிழிவு அதிகம். அது கர்ப்பத்தோடு போய்விடும் வகை இல்லை, நிரந்தர நீரிழிவு. என்றாலும் பரம்பரைக்கு மேல் கருப்பையும் தன் பங்குக்கு எதையோ சேர்க்கிறது என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று, 8.5 என்பது மதில் சுவர் இல்லை. சிங்கப்பூரின் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வு 2008இல் காட்டியது, எல்லைக்குக் கீழேயும் தாயின் சீனி கூடக்கூடக் குழந்தையின் எடை கூடுகிறது என்று. மயிரிழையில் தப்பியவர்களும் கொஞ்சம் கவனமாக இருக்கலாம்.

இரண்டாவது தடவை "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற உபசரிப்பைக் காதில் வாங்கவில்லை. சோற்றைக் குறைத்து மீனும் கீரையும் கூட்டினேன். கோப்பிக்கடையில் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் போடாத தேநீர். சாப்பிட்டதும் புளோக்கைச் சுற்றிக் கால் மணி நேர நடை. அப்படியும் காலைச் சீனி அடங்காமல் ராத்திரியில் இன்சுலின் போட வேண்டி வந்தது. அன்று அழுதேன், வீண் அழுகை. மகன் 3.1 கிலோ.

மூத்தவள் பிறந்தபோது நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் தண்ணியை மறுபடி குடித்துச் சோதிக்க வேண்டும். பத்தியம், தூக்கமின்மை என்று போகவே இல்லை. மகனுக்குப் பிறகு போனேன். கணவர் வெளியே பிள்ளையைத் தோளில் போட்டு இரண்டு மணி நேரம் உலாத்தினார். நீரிழிவு இல்லை, அதன் வாசலில் நிற்கிறேன் என்றார்கள். இப்போது வருஷா வருஷம் மகன் பிறந்தநாள் மாதத்தில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன், கேக் வெட்டுவதற்கு முந்தின வாரம்.