8 அங்குலத் தொலைநோக்கியில் ஃபீபி தெரியவில்லை என்றால்

சனியின் நிலவான ஃபீபியை அந்தக் கருவி வழியே கண்ணால் பார்க்க முடியாது, கேமராதான் வழி. சனியின் பெரிய நிலவான டைட்டன் தெரிகிறதே என்கிறீர்கள். ஃபீபியின் மேக்னிட்யூட் (ஒளி அளவு; எண் கூடக் கூட மங்கல்) 16ஐத் தாண்டும், உங்கள் 8 அங்குலக் கருவி நல்ல இருட்டிலும் 14 வரைதான் எட்டும். குறுக்களவே 213 கிலோமீட்டர், அதுவும் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. 1899இல் வானியலாளர் பிக்கரிங்கே புகைப்படத் தகடுகளில்தான் கண்டுபிடித்தார்.

வளையத்தை ஒட்டியே தேடுகிறீர்கள் போல. சுமார் 1.3 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுவது அது; வானத்தில் சனியிலிருந்து ஒரு முழுநிலவு அகலம்வரை விலகியிருக்கும்.

நாசாவின் ஹொரைசன்ஸ் தளத்தில் அன்றைய இடத்தை எடுத்து, சனியின் வெளிச்சம் படத்துக்குள் வராமல் நிறைய படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தொகுப்பு. இரண்டையும் ஒப்பிட்டு, நகர்ந்த புள்ளியைப் பிடியுங்கள்.

சிறுகோளும் அப்படி நகரும். மறுநாளும் சனியோடு சேர்ந்தே போகிறதா பாருங்கள்.