பிரித்துப் பார்ப்பதா, ஓடும்போதே பார்ப்பதா?

கேள்வி: லித்தியம் பேட்டரிகளில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கேத்தோடில் (நேர்மின்வாயில்) ஆய்வு செய்கிறேன். பாதி சார்ஜில் செல்லைப் பிரித்து, கேத்தோடைக் கழுவி உலர்த்தி எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் அளவீடு) எடுக்கிறேன். எந்த வேகத்தில் சார்ஜ் செய்தாலும் ஒரே முடிவுதான் வருகிறது. செல் ஓடும்போதே அளந்தால் வேறு ஏதாவது தெரியுமா? ஆய்வகக் கருவியிலேயே செய்ய முடியுமா?

பதில்: தெரியும். எல்லா வேகத்துக்கும் ஒரே முடிவு வருவதற்கு, பிரித்துப் பார்ப்பதே காரணமாக இருக்கலாம். மின்னோட்டத்தை நிறுத்தினாலும் கேத்தோடு அப்படியே உறைந்து நிற்பதில்லை. லித்தியம் துகளுக்குத் துகள் இடம் மாறி, ஆற்றல் குறைந்த நிலையில் போய் அமர்ந்துவிடும். நீங்கள் கழுவி உலர்த்தி முடிப்பதற்குள் நடந்ததன் தடயம் போய்விடும்.

மெதுவாக சார்ஜ் செய்தால், செப்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் 17 டிகிரியை ஒட்டி இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் பீக் (வரைபட உச்சி) மெல்லத் தாழும். 18 டிகிரி அருகே லித்தியம் இழந்த இரும்பு பாஸ்பேட்டின் பீக் எழும். நடுவில் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டு பொருள்களுக்கும் கன அளவில் ஏறக்குறைய 7 சதவீத வேறுபாடு. அப்படியிருந்தும் இந்தப் பொருள் எப்படி இவ்வளவு வேகமாக சார்ஜ் ஆகிறது? 2014-ல் கேம்பிரிட்ஜின் கிளேர் கிரே குழு, நானோ துகள்களை 10சி வேகத்தில் (ஒரு மணி நேரத்தில் பத்து முறை சார்ஜ் ஆகும் வேகம்) ஓடவிட்டு, மிக வலுவான எக்ஸ் கதிர் தரும் சிங்க்ரோட்ரானில் பார்த்தது. இரண்டு பீக்குகளுக்கும் நடுவே இருந்த பள்ளம் நிரம்பியிருந்தது. ஓய்வில் நிலைக்காத இடைப்பட்ட கலவைகள் வழியாகவே லித்தியம் வெளியேறியிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த காட்சி இது.

சரி, உங்கள் ஆய்வகத்தில்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கேனுக்கு 5 நிமிடம் என்றால், பத்து மணி நேர சார்ஜில் 120 ஸ்கேன் கிடைக்கும். ஆய்வகக் கருவியே போதும். 10சி என்றால் மொத்தமே ஆறு நிமிடம், ஒரே ஒரு ஸ்கேன். அதற்கு சிங்க்ரோட்ரான்தான் வேண்டும். நடுத்தர வேகத்துக்கு ஒரு வழி உண்டு: முழுக் கோணத்தையும் அளக்காமல், இந்த இரண்டு பீக் இருக்கும் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப அளக்கலாம். சிக்னல் கூடட்டும் என்று கேத்தோடைத் தடிமனாகப் பூசிவிடாதீர்கள். எலக்ட்ரோலைட்டுக்குள் அயனிகள் நகரும் வேகமே தடையாகிவிடும். துகளின் இயல்பு தெரியாது.

எக்ஸ் கதிர் உள்ளே போக செல்லில் வைக்கும் ஜன்னலில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரிலியம் எக்ஸ் கதிரை நன்றாக விடும், ஆனால் கேத்தோடு பக்கம் உயர் மின்னழுத்தத்தில் அரித்துப்போகும். நடுவில் மெல்லிய அலுமினியத் தாள் வையுங்கள். பெரிலியத்தின் தூள் நஞ்சு, அதைச் சுரண்டவே கூடாது. கேப்டன் என்ற பிளாஸ்டிக் படலம் பாதுகாப்பானது, ஆனால் வளையும். அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, கேத்தோடின் அந்தப் பகுதி மட்டும் பின்தங்கும்.

மின்னழுத்த வரைபடம் காயின் செல்லோடு (நாணய வடிவிலான வழக்கமான சோதனை செல்) ஒத்துப்போனால் போதும் என்று நினைக்க வேண்டாம். வரைபடம் முழு செல்லுக்கும் உரியது. கதிர் பார்ப்பதோ ஜன்னலுக்கு அடியிலிருக்கும் சிறு வட்டத்தை மட்டும். சார்ஜ் முழுதாக ஏறியும் 17 டிகிரி பீக் மிச்சம் இருந்தால், அந்த வட்டம் பின்தங்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். புதிய கட்டம் (படிக நிலை) கண்டுபிடித்ததாக எழுதிவிடாதீர்கள். சிங்க்ரோட்ரானுக்குப் போனால் இன்னொரு சோதனையும் தேவை. கதிரே எலக்ட்ரோலைட்டைச் சிதைக்கலாம் என்பதால், கடைசியில் கதிர் படாத ஓர் இடத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

முதலில் ஜன்னல் செல்லை எக்ஸ் கதிர் இல்லாமலே, மிக மெதுவாக இரண்டு மூன்று சுற்று ஓட்டுங்கள். கொள்ளளவு காயின் செல்லின் அளவுக்கு வந்த பிறகு கருவியில் ஏற்றுங்கள். அப்புறம் வேகத்தைக் கூட்டலாம்.